பக்கம் மாற்றும் கை

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது எங்கள் குடும்பத்தின் வழக்கம். எந்தப் பாதியைத் தள்ளுவது என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. இந்தக் கதையில் எதைத் தள்ளினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முழுவதையும் தள்ளிவிட்டால் இன்னும் நல்லது. நானும் நிம்மதியாகப் படுக்கப் போவேன்.

தம்பி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு மத்தியானம். வெயில் தெருவில் ஒரு ஆளையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளினேன், திறந்துகொண்டது. உள்ளே தம்பி மனைவி இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளின் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. நல்லவேளை, அதை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சட்டைக் காலர் தேய்த்துக்கொண்டே தூங்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"வாங்க மாமா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "சத்தம் போடாதீங்க. இப்பதான் கண்ணசந்தாரு."

"நீ?"

"நான் என்ன?"

அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை.

முன்னறையை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புக் கட்டில். மூடிப்போன ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் சாமான்களோடு பழைய இரும்புக் கடைக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தது. வெள்ளை பெயிண்ட் உரிந்த இடத்தில் பச்சை, பச்சை உரிந்த இடத்தில் துரு. நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் கிறீச்சிடும். அதன் மேல் என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் மேலே போய்க் கீழே வந்தவன். கடைசித் தடவை கீழே வருவதை மட்டும் கொஞ்சம் அவசரமாகச் செய்துவிட்டான். முதுகுத் தண்டில் அடி. மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, ஊசியால் குத்தினாலும் தெரியாது.

அறையில் லோஷன் வாடை, பவுடர் வாடை, சூடான துணியின் வாடை. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. பல நாள் தண்ணீர் மாற்றாத பூ ஜாடியின் அடித்தண்ணீர் போல.

"படுக்கைப் புண்ணு மாமா," என்றாள் அவள். "இடுப்புக்குப் பின்னால, எலும்பு துருத்திக்கிட்டு இருக்கற எடத்துல. எலும்பைத் தொட்டுருச்சுன்னா அப்புறம் நம்ம கையில இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஆக, விழுந்ததில் சாகாதவன் படுத்ததில் செத்துப்போவான். அதைத் தடுக்கத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். நடுத்தர வயது, மூச்சு விடாமல் பேசுகிற பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு, தாத்தாவா?"

"அண்ணன்," என்றேன்.

"சரி தாத்தா, இப்படி வந்து பிடிங்க."

அவனை ஒருக்களிக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டைப் பிரித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் நன்றாகப் பார்த்தேன்.

"தோலுன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று ஆரம்பித்தாள். "மேலாப்புல இருக்கறது செத்த செதிலு. ஓடு வேய்ஞ்ச மாதிரி அடுக்கி இருக்கும். தினம் கொஞ்சம் உதிரும், அடியிலேருந்து புதுசு மேல வரும். அதுக்குக் கீழதான் உசிரு. ரத்தக் குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி, முடியோட வேரு எல்லாம் அங்கதான் குடித்தனம். அதுக்கும் கீழ கொழுப்பு, மெத்தை மாதிரி. அதுக்குக் கீழ எலும்பு. ஒரே பக்கமா படுத்துக் கிடந்தா மேலேருந்து எலும்பு அமுக்கும், கீழேருந்து கட்டில் அமுக்கும். நடுவுல மாட்டுன தோலுக்கு ரத்தம் வராது. அப்படியே செத்துப்போகும்."

"நாங்களும்தான் விடிய விடியப் படுத்துக் கிடக்கறோம்."

"உங்க தோலு பேசும் தாத்தா. போதும், திரும்புன்னு சொல்லும். தூக்கத்துலயே திரும்பிருவீங்க. இவரு தோலும் சொல்லுது, ஆனா மேல வந்து சேரலை. வழியில கம்பி அறுந்துபோச்சு. அதனால நாமதான் திருப்பணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடது, வலது, மறுபடி இடது. மல்லாக்க மட்டும் படுக்கக் கூடாது. முட்டிக்கு நடுவுல தலையணை. குதிகால் மெத்தையைத் தொடக் கூடாது."

நான் ஆயுள் முழுக்க சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைத்தவன். மேலே ரெக்சின், கீழே துணி, அதற்கடியில் பஞ்சு, அடியில் பலகை. அடுக்கு எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் தைத்த எந்த உறையும் தானாக உதிர்ந்து தானாகப் புதுசானதில்லை. அப்படி ஆகியிருந்தால் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

போகும்போது அவள் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தாள். தோல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்த வேண்டும். வெளுக்க வேண்டும். விரலை எடுத்ததும் சிவப்பு திரும்பி வர வேண்டும். வந்தால் ரத்தம் ஓடுகிறது.

"அமுக்கியும் வெளுக்கலைன்னா?"

"அந்த இடம் கிளம்பத் தயாராயிருச்சுன்னு அர்த்தம். உடனே கூப்பிடுங்க."

அன்று முதல் நானும் தம்பி மனைவியும் முறை வைத்துத் திருப்பினோம். கேட்க லேசாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திருப்பது என்பது எழுந்திருப்பது அல்ல. தூங்காமல் இருப்பதற்கு இன்னொரு பெயர். சில நாட்களிலேயே நான் செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவள் ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து "என்ன?" என்று கேட்டுவிட்டு, கேட்டது எதற்கு என்று தெரியாமல் நின்றோம்.

ஒரு மத்தியானம் அவனை இடது பக்கமாகத் திருப்பிவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு போர்வையை விரித்துக் கிடந்தாள். கண்ணை மூடித் திறந்தேன் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வெயில் தரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது.

தம்பி வலது பக்கமாகத் திரும்பியிருந்தான்.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. குதிகால் மெத்தையைத் தொடவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதன் முனைகள் உறைக்குள் கடிதம் செருகியது போல மடித்துச் செருகப்பட்டிருந்தன.

"என்னை எழுப்பியிருக்கலாமேம்மா," என்றேன். "தனியா எதுக்குச் சிரமப்பட்டே?"

தரையில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"நீங்கதானே மாமா திருப்புனீங்க?"

"நான் இப்பதான் முழிக்கறேன்."

"நானும் இப்பதான்."

இரண்டு பேரும் தம்பியைப் பார்த்தோம். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு முந்தைய நிலை.

நியாயமாகப் பார்த்தால் நாங்கள் பயந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது தொடர்ந்து நடந்தது. நாங்கள் விழித்திருந்தால் நடக்காது. இரண்டு பேரும் கண் அயர்ந்துவிட்டால் நடந்துவிடும். புண் சுருங்க ஆரம்பித்தது. அடித்தண்ணீர் வாடை குறைந்தது. நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு விசிலடிக்காத குறை.

"யாரு இப்படித் திருப்பறது? நான் சொல்லிக்கொடுத்ததை விட நல்லா இருக்கே. தாத்தா, நீங்களா?"

"தம்பி மனைவியைக் கேளுங்க."

"மாமாவைக் கேளுங்க," என்றாள் அவள்.

"யாரா இருந்தாலும் விட்டுராதீங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் கிளம்பிப் போனாள்.

அவள் போனதும் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"நான் சொல்றதுக்கு நீ எத்தனை தடவை சிரிச்சிருக்கே? இந்தத் தடவை கணக்கைத் தீர்த்துக்கறேன், சொல்லு."

"கை தெரியுதுண்ணே."

"உன் கையா?"

"இல்லை. என்னைத் திருப்பற கை. இடுப்புல தெரியுது. முட்டிக்குக் கீழ தெரியுது. குதிகால்ல தெரியுது."

மார்புக்குக் கீழே ஊசி இறக்கினாலும் தெரியாதவன் இதைச் சொல்கிறான்.

"எப்படி இருக்கு?"

"காஞ்ச கை. துளி வேர்வை இல்லை. ஜில்லுனு இருக்கு. விரல் நுனியெல்லாம் வழவழன்னு இருக்குண்ணே, ரேகையெல்லாம் தேஞ்சுபோன மாதிரி. ரொம்ப வேலை செஞ்ச கை."

இஸ்திரிச் சத்தம் நின்றிருந்தது. அவள் வந்து கட்டில் அருகே நின்றாள். குனிந்து அவன் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெந்நீரும் சூடான துணியும் புழங்கிச் சிவந்த கை.

"இப்ப தெரியுதா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"என் கை தெரியலை. அது கை தெரியுதாக்கும்," என்றாள். திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். அன்று அவள் தேய்த்த சட்டைகளில் சுருக்கம் என்பதே கிடையாது. அத்தனை அழுத்தம்.

கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். தூங்குவது போல நடிப்பது சுலபம் என்பார்கள். தூக்கத்துக்கு ஏங்கிக் கிடப்பவன் நடித்தால் தூங்கிவிடுவான். அதனால் மறுநாள் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, துண்டுக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டே கிடந்தேன்.

மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. தம்பி கண்ணை மூடியிருந்தான். தரையில் அவள் வாயைத் திறந்து தூங்கினாள்.

பவுடர் வாடை வந்தது.

கட்டிலின் சக்கரம் கிறீச்சென்றது.

தம்பியின் மேலிருந்த போர்வை, யாரோ இரு முனைகளைப் பிடித்து ஒழுங்காக மடிப்பது போல, இடுப்பு வரை மடிந்து போனது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சுவர் இருந்தது. சுவரில் காலண்டர் ஆணி இருந்தது.

அவன் இடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது.

பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. வரிசையாக நான்கு. சற்றுத் தள்ளி ஐந்தாவது, பெரியதாக.

விரல்கள் பதிந்தால் தோல் எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்தது. பதிந்த இடங்கள் வெளுத்தன. அவன் உடம்பு, பாத்திரத்தை நலுங்காமல் திருப்பி வைப்பது போல, மெதுவாகப் புரண்டது. புள்ளிகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பி வந்தது.

பிறகு குதிகாலில் ஒரே ஒரு புள்ளி. வெளுத்தது. சிவந்தது.

சோதனை செய்கிறது.

ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒரு பொடித் தசை உண்டு, குளிரிலும் பயத்திலும் அதுதான் முடியைப் பிடித்து நிமிர்த்துகிறது என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். அன்று என் கையில் அத்தனையும் ஒரே சமயத்தில் வேலை செய்தன. எழுபது வயதுக் கையில் அவ்வளவு சுறுசுறுப்பான வேலைக்காரர்கள் இருப்பது எனக்கே தெரியாது.

தலையணை தானாக நகர்ந்து முழங்கால்களுக்கு நடுவே புகுந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

தரையில் கிடந்தவளின் தோளில், ரவிக்கைத் துணி நான்கு இடங்களில் குழிந்தது.

அவளையும் திருப்பியது. அவள் கையைத் தூக்கி, முழங்கைக்குக் கீழே பிடித்து, மடித்த துண்டின் மேல் வைத்தது. அவள் தூக்கத்திலேயே "ம்" என்றாள். குழந்தை சொல்வது போல.

அதன் பிறகு வாடை என் பக்கம் வந்தது. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. நான் மூச்சை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்தது போலிருந்தது. உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை போலும். போய்விட்டது.

மின்சாரம் வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த நாற்காலியை இரண்டு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதுதான்.

நர்ஸிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரிப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கடிதம் செருகியது போன்ற மடிப்பை. குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தாள். வெள்ளைக்கு அடியிலிருந்த பச்சையை நகத்தால் சுரண்டினாள்.

"இது எந்த ஆஸ்பத்திரிக் கட்டில்?"

தம்பி மனைவி பெயரைச் சொன்னாள். நர்ஸ் பக்கத்திலிருந்த துணிக்கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"நான் அங்கதான் வேலை பழகினேன்," என்றாள். "ஒரு ஆயா இருந்தாங்க. கடிகாரம்னுதான் கூப்பிடுவோம். வார்டுல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொருத்தரையா பக்கம் மாத்திக்கிட்டே போவாங்க. கடைசிக் கட்டில் முடியறப்ப முதல் கட்டிலுக்கு நேரம் வந்துரும். இந்த மடிப்பு அவங்க மடிப்பு. வேற யாருக்கும் வராது."

"அப்புறம்?"

"ஒரு நாள் பக்கவாதம் வந்து வார்டுலயே விழுந்தாங்க. அங்கேயே கோடியில, இதே மாதிரிப் பச்சைக் கட்டில்ல போட்டோம். கையும் அசையலை, வாயும் அசையலை."

பஞ்சை எடுத்துச் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"அவங்களை யாரு திருப்புனா?" என்று கேட்டான் தம்பி.

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"ஆளு பத்தலைங்க," என்றாள் கடைசியில். "ஆளு எப்பவுமே பத்தலை. புண்ணு எலும்பைத் தொட்டப்பதான் பார்த்தோம்."

பஞ்சை டப்பாவில் போட்டுவிட்டுக் கட்டு மாற்ற ஆரம்பித்தாள். 

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல பேயின் கதை என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லியிருப்பேன். வீட்டில் எல்லோருக்கும் சௌகரியம். புண் ஆறிக்கொண்டு வந்தது. தம்பி மனைவியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்தது. மத்தியானம் படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டாளோ அந்தப் பக்கமாகவே எழுந்தாள்.

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் வாடை.

"துணி கருகுதும்மா."

"இல்லையே மாமா. துணி நல்லாத்தானே இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். வலது கையால் சட்டையை நீவிக்கொண்டிருந்தாள். இடது கை, முழங்கைக்குக் கீழே, நிமிர்த்தி வைத்த இஸ்திரிப் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது.

நான் கத்தினேன். அவள் கையை எடுத்தாள். எடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சுடலையே மாமா," என்றாள்.

நர்ஸ் வந்து ஊசியால் சோதித்தாள். இடது முழங்கைக்குக் கீழே தெரியவில்லை. தோளில் தெரியவில்லை. இடுப்பின் பக்கவாட்டில் தெரியவில்லை. அந்தக் கை தொட்ட இடங்கள். இடுப்பில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. நர்ஸ் அதை அழுத்தினாள்.

வெளுக்கவில்லை.

"நீங்க தூக்கத்துல திரும்பறதில்லையா?" என்றாள் நர்ஸ்.

"அவங்கதான் திருப்பறாங்களே."

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பிக்கு அந்தக் கை உணர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது தொட்ட தோல் அதற்கு மட்டுமே பதில் சொல்லும். சூட்டுக்குச் சொல்லாது, ஊசிக்குச் சொல்லாது, புருஷன் கைக்கும் சொல்லாது.

"கட்டிலை இன்னிக்கே வெளிய போடறேன்," என்றேன்.

"வேண்டாம்ணே." தம்பி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "எனக்குக் கீழ்ப்பாதின்னு ஒண்ணு இருக்கறதை ஞாபகப்படுத்தறது அது ஒண்ணுதான். புண்ணும் ஆறுது. நீ கொண்டுபோய்ப் போட்டுட்டு ஊருக்குப் போயிருவே. அப்புறம் யாரு?"

அவளைப் பார்த்தேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று.

"இருக்கட்டும் மாமா," என்றாள் அவள். "நானும் கல்யாணமான நாள்லேருந்து இப்பதான் நல்லாத் தூங்கறேன்."

பேய்க்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. அந்தச் சாந்தமான முகத்துக்குப் பயந்தேன்.

தம்பி அவளைக் கிட்டே வரச் சொன்னான். சுட்டுக்கொண்ட கையின் கட்டைப் பிரிக்கச் சொன்னான். கொப்புளம் உடைந்து, மேல்தோல் நனைந்த காகிதம் போல ஒதுங்கிக் கிடந்தது. அடியில் சிவப்பு. ரொம்ப நேரம் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லையே."

அந்த 'இல்லையே' அவனுக்கு நன்றாகப் பழக்கமானது. டாக்டர் கேட்கும்போதெல்லாம் அவன் சொல்கிற வார்த்தை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கட்டிலை மாத்துண்ணே," என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா சும்மா தூக்கிப் போடாதே. அவங்களுக்கும் ஒரு தடவை யாராவது செய்யுங்க."

வேறு கட்டில் வந்தது. அவனை உள்ளறைக்கு மாற்றினோம். முன்னறையில் அந்த இரும்புக் கட்டில் காலியாக நின்றது. நர்ஸ் வெளுத்த சீருடையில் வந்தாள். புது விரிப்பு விரித்து, அதன் குறுக்கே தூக்குவதற்கான துணியைப் போட்டாள். தலைமாட்டில் குனிந்தாள்.

"ஆயாம்மா," என்று மெதுவாகச் சொன்னாள். "பக்கம் மாத்தறோம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் துணியைத் தூக்க மூன்று பேர். நான் ஒரு முனையைப் பிடித்தேன், தம்பி மனைவி ஒரு முனை. நர்ஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். இழுத்தோம்.

துணி வரவில்லை.

கனமாக இருந்தது.

மறுபடி எண்ணினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினோம். சக்கரம் கிறீச்சென்றது. மெத்தையில் இடது பக்கம் ஒரு பள்ளம் நிரம்பியது; வலது பக்கம் ஒரு பள்ளம் விழுந்தது. தோளும் இடுப்பும் முட்டியுமாக, சின்ன உடம்பின் பள்ளம்.

முன்பு முதுகு இருந்திருக்க வேண்டிய இடத்தில், புது விரிப்பில், உள்ளங்கை அளவு ஈரம்.

பூ ஜாடி வாடை அறையை நிறைத்தது. நர்ஸ் பஞ்சை நனைத்து அந்தக் காற்றைத் துடைத்தாள். மருந்து வைத்தாள். பள்ளத்தில் முட்டி இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துத் தலையணை வைத்தாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

மெத்தைக்குள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

ரெக்சின் உறைக்குள் அடைந்த காற்று தையல் வழியாக வெளியேறினால் அப்படித்தான் சத்தம் வரும் என்று தொழில் தெரிந்தவனாக எடுத்துச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதை மட்டும்தான் ஒருவர்கூட நம்பவில்லை.

"முடிஞ்சுதா?" என்றேன்.

நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை திருப்புனா எப்படி முடியும் தாத்தா? மறுபடி மாத்தணுமில்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. விட்டா எழுந்து வந்து மறுபடி எல்லாரையும் திருப்ப ஆரம்பிச்சுருவாங்க."

யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸுக்கு ஊரெல்லாம் நோயாளிகள். தம்பி மனைவிக்குத் தம்பி. இரண்டு பேரும் யோசித்தபடி ஒரே திசையில் பார்த்தார்கள். அந்தத் திசையில் நான் இருந்தேன்.

"நான் கொண்டுபோறேன்," என்றேன். அவர்கள் மறுப்பார்கள் என்று கொஞ்சம் நேரம் கொடுத்தேன். வண்டிக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் நடந்து வெகு நாளாகிறது. தம்பியை இப்போது அவனோடு வேலை பார்த்த லிஃப்ட் ஆட்கள் முறை வைத்து வந்து திருப்புகிறார்கள். புண் மூடிவிட்டது. அவனுக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. ஃபோனில் என்னை விசாரிப்பதில்லை, "அவங்க சௌக்கியமா?" என்றுதான் கேட்பான். தம்பி மனைவி ஒரு நாள் விடியற்காலையில் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "வலிக்குது மாமா! தழும்பு எரியுது! உயிர் போகுது!" என்று ஒரே சந்தோஷம்.

கட்டில் என் அறையில் இருக்கிறது. இடது, வலது, மறுபடி இடது. அந்த அம்மாள் கனம் குறையவே இல்லை; எனக்குத்தான் வலு குறைகிறது. முனை மடிப்பு இன்னும் எனக்கு வரவில்லை. நான் எப்போதும் நாற்காலியில்தான் தூங்குவேன். நாற்காலி அவருக்குப் பழக்கமில்லை என்ற நம்பிக்கையில்.

நேற்று மத்தியானம் நேரம் தவறிவிட்டது. அசதி. விழித்தபோது நாற்காலி அறையின் மூலையில் இருந்தது. நான் தரையில் இருந்தேன், வலது பக்கமாக ஒருக்களித்து. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கணுக்காலுக்கு அடியில் துண்டு. என் வலது கையை யாரோ எடுத்து, விரல்களைப் பிரித்து, மடித்த துணியின் மேல் பக்குவமாக வைத்திருந்தார்கள். அவ்வளவு நன்றாகத் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

எழுந்து அவரைத் திருப்பினேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. பிறகு அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். கண்ணாடி டம்ளரை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். டம்ளர் துளிகூடச் சுடவில்லை. ஆறிப்போய்விட்டது என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்தேன்.

நாக்கு வெந்துபோய்விட்டது.